மிளகு மணக்கும் சரிவு: வட ரோன் சிவப்பு ஒயினுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டில் வாங்கப் போவதற்கு முன்னால் அஞ்சறைப்பெட்டியைத் திறங்கள். ஐந்தாறு மிளகை எடுத்துச் சின்ன உரலில் போட்டு ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள். பொடியாக வேண்டாம், உடைந்தால் போதும். உடைத்த கையோடு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நாக்கைச் சுடும் காரத்தை விடுங்கள். அதற்கு முன்னால் வருகிற, கொஞ்சம் மரவாசனை கலந்த அந்த மணத்தை மட்டும் மனதில் பதிய வையுங்கள்.

பிரான்சில், லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றங்கரையின் செங்குத்தான சரிவுகளில் சிரா என்ற கருந்திராட்சை விளைகிறது. அதன் சிவப்பு ஒயினில் வரும் மிளகு மணம் பேச்சுக்காகச் சொல்லும் உவமை கிடையாது. மிளகில் மணக்கும் அதே பொருள்தான் அதிலும் இருக்கிறது. ரொட்டண்டோன் என்று பெயர். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதை அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் ஒயினில் ஒரு கிராமின் நூறு கோடியில் 16 பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். அதே ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு இந்த மணமே பிடிபடவில்லை என்றும் தெரியவந்தது. ஆகவே கிளாஸில் மிளகு தெரியாவிட்டால் உங்கள் ரசனையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஒயின் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு தயக்கம். ஆயிரம் பெயர், வாயில் நுழையாத ஊர், கையில் கிளாஸைச் சுழற்றிக்கொண்டு ஏதேதோ சொல்பவர்கள். நான் லியோனுக்குக் குடிவந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு செப்டம்பரில், சேன்-ஜோசப் சரிவில் சிறிய தோட்டம் ஒன்றில் திராட்சை பறிக்கப் போனேன். அதற்கப்புறம் எனக்குத் தெளிவான ஒரு விஷயம்: உலகத்து ஒயினையெல்லாம் கற்க முயலாமல், ஒரே ஒரு சரிவையும் அங்கே விளையும் ஒரே ஒரு திராட்சையையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்க ஆரம்பிக்கும். மிளகையும் துவர்ப்பையும் சிறு வயதிலிருந்தே அறிந்த நமக்கு வட ரோனைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: ஐந்து பெயர்கள்

படம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு ஆற்றோடு வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள். முதலில் வலது கரையில், ஆம்ப்புயி ஊரை ஒட்டி, கோத்-ரோத்தி. ‘வறுபட்ட சரிவு’ என்று பொருள். அதே கரையில் இன்னும் தெற்கே, சுமார் 50 கிலோமீட்டருக்கு நீண்டு கிடப்பது சேன்-ஜோசப். எதிர்க்கரையில் தேன்-லெர்மித்தாஜ் என்ற ஊரின் முதுகுக்குப் பின்னால் எழும் ஒற்றைக் குன்று எர்மித்தாஜ். அந்தக் குன்றைச் சுற்றியுள்ள நிலம் க்ரோஸ்-எர்மித்தாஜ். கடைசியாக, மறுபடி வலது கரையில், வலான்ஸ் நகருக்கு எதிரே கோர்னாஸ். பிரெஞ்சில் வார்த்தையின் கடைசி எழுத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். ஆனால் கோர்னாஸுக்கு அந்த ‘ஸ்’ உண்டு.

இவை சட்டம் எல்லை வகுத்த பெயர்கள். எர்மித்தாஜுக்கும் க்ரோஸுக்கும் 1937, கோர்னாஸுக்கு 1938, கோத்-ரோத்திக்கு 1940, சேன்-ஜோசப்புக்கு 1956. ஐந்திலும் சிவப்பு என்றால் சிராதான். கோர்னாஸில் சிராவைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. கோத்-ரோத்தியில் வியோஞியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்க்கலாம். அதையும் தனியாக நொதிக்க வைத்துக் கலக்கக் கூடாது, சிராவோடு ஒன்றாகவே நொதிக்க விட வேண்டும். பெரும்பாலோர் அதில் சிறு பங்குதான் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதே இல்லை. மற்ற மூன்றிலும் சிறிதளவு வெள்ளைத் திராட்சைக்கு அனுமதி உண்டு.

சிரா என்ற பெயரைக் கேட்டு ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்பார்கள். மரபணு ஆய்வு அதை மறுத்துவிட்டது. துயுரேசா, வெள்ளை மோந்தேஸ் என்ற இரண்டு உள்ளூர்த் திராட்சைகளுக்குப் பிறந்தது அது.

புதியவர் எதில் தொடங்குவது? சேன்-ஜோசப்பில். கோத்-ரோத்தியும் எர்மித்தாஜும் விலை அதிகம், பல ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். க்ரோஸ் மலிவு, ஆனால் அதில் பெரும்பகுதி சமவெளியில் இயந்திரம் ஓடக்கூடிய நிலம். க்ரோஸிலேயே சரிவு வேண்டுமென்றால் ஜெர்வான் ஊர்ப்பக்கத்துக் கருங்கல் நிலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சேன்-ஜோசப்பில் நல்ல சரிவுத் தோட்டத்துப் பாட்டில் சாதாரணமாக 20 முதல் 30 யூரோவுக்குள் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: 1956இல் தூர்னோன், மோவ் முதலிய ஆறு ஊர்களே சேன்-ஜோசப். 1969இல் எல்லையை வடக்கும் தெற்குமாகப் பெரிதாக்கினார்கள். அப்போது உள்ளே வந்த நிலமெல்லாம் நல்ல சரிவு என்று சொல்ல முடியாது. அதனால் முதல் பாட்டிலை மோவ், தூர்னோன் பக்கத்திலிருந்து வாங்குங்கள்.

இரண்டாம் படி: சரிவில் ஒரு முறை ஏறுங்கள்

பிரான்சிலோ பக்கத்து நாடுகளிலோ இருப்பவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். லியோனிலிருந்து வலான்ஸ் நோக்கிப் போகும் வட்டார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம் போல. தேன்-லெர்மித்தாஜ் – தூர்னோன் நிலையத்தில் இறங்குங்கள். நிமிர்ந்தால் எர்மித்தாஜ் குன்று கண்ணெதிரே நிற்கும். அதன் உச்சிக்கருகே புனித கிறிஸ்தோபர் பெயரில் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம். 13ஆம் நூற்றாண்டில் போரிலிருந்து திரும்பிய காஸ்பார் த ஸ்தெரிம்பேர் என்ற படைவீரர் அங்கே துறவியாகத் தங்கினார் என்பது ஊர்க்கதை. குன்றின் பெயரே அந்தத் துறவிக் குடிலிலிருந்து வந்தது.

திராட்சை வரிசைகளுக்கு நடுவே தேவாலயம் வரை நடந்தே ஏறலாம். நல்ல செருப்பு வேண்டும். வழியில் நின்று மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, கல்சுவர். சாந்து பூசாமல், கல்லோடு கல் பொருத்தி அடுக்கியது. இந்தச் சுவர்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. பெருமழை அடித்தால் சுவர் சரியும், மண் கீழே ஓடிவிடும். ஓடிய மண்ணை மறுபடி மேலே ஏற்ற வேண்டும், சுவரைக் கையால் மறுபடி கட்ட வேண்டும்.

இரண்டாவது, கொடி நிற்கும் விதம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைத் தலைக்கு மேலே பந்தலில் படர விடுவார்கள், நிழலில் நின்று பறிக்கலாம். இங்கே செங்குத்துப் பகுதிகளில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு முட்டுக்கழி. வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு பழக்கமானது. டிராக்டர் நுழைய வழியே இல்லை. களை எடுப்பது, கழித்துவிடுவது, கட்டுவது, பறிப்பது எல்லாம் கைவேலை. சில இடங்களில் மேலே விஞ்ச் வைத்து, கம்பியில் கலப்பையை இழுத்து உழுகிறார்கள். குதிரை பூட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வெயில் விழும் கோணம். இந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து 45 பாகை வடக்கே. இங்கே சூரியன் நம் ஊர்போல் உச்சியில் வருவதே இல்லை, சாய்ந்துதான் அடிக்கும். தரையும் தெற்கு பார்த்துச் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்ந்த வெயில் நேருக்கு நேர் விழுகிறது. சமவெளியில் அரைகுறையாகப் பழுக்கும் சிரா சரிவில் முழுதாகப் பழுப்பதற்கு இதுவே காரணம். தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். வடக்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியே வீசும் காற்று மழைக்குப் பின் இலைகளை உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல் காக்கும்.

இறங்கி வந்ததும், ஆற்றைக் கடக்கும் மார்க் செகான் நடைபாலத்தில் நடந்து தூர்னோனுக்குப் போங்கள். 1847இல் கட்டிய தொங்குபாலம். நடுவில் நின்றால் ஒரு பக்கம் எர்மித்தாஜ், மறுபக்கம் சேன்-ஜோசப். இரண்டு கரைச் சரிவும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அது.

பறிப்பு நாளில் நான் பார்த்தது

நான் வேலை செய்த தோட்டம் மோவ் பக்கம். அரை ஹெக்டேர்கூட இருக்காது. காலையில் குளிர், கையில் ஒரு சின்னக் கத்தரி, காலடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. குலையை இடது கையால் தாங்கிக்கொண்டு காம்பை வெட்ட வேண்டும், பெட்டியில் எறியக் கூடாது, வைக்க வேண்டும். அழுகிய மணி இருந்தால் அங்கேயே கத்தரி முனையால் எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. கீழே பார்த்தால் அடுத்த வரிசைக்காரரின் தலை என் பாதத்துக்கு நேரே இருந்தது, அவ்வளவு சாய்வு. கால் வழுக்கியபோதெல்லாம் முட்டுக்கழியைத்தான் பிடித்துக்கொண்டேன். மதியத்துக்குள் விரல்களெல்லாம் நாவல்பழம் தின்ற வாய்போல நீலம் பாரித்துவிட்டன. மூன்று நாள் அந்தக் கறை போகவில்லை.

சாயங்காலம், வெயில் சரிவை விட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எல்லோரும் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். தோட்டத்துப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “இந்தக் கல்லில் கை வையுங்கள்” என்றார். வைத்தேன். இட்லிச் சட்டியை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. கல்லுக்குப் பக்கத்துக் குலையைத் தொட்டுக் காட்டினார், அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தத் திராட்சை பிறகு என்ன ஆகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலர் காம்பை நீக்குவார்கள், சிலர் முழுக்குலையாகவே தொட்டியில் போடுவார்கள். காம்போடு போட்டால் பச்சிலை, மிளகு வாசனை கூடும். தோலில் இருக்கும் ஈஸ்ட்டே சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கிவிடும். மேலே மிதக்கும் தோலைத் தினமும் கீழே அமுக்கிவிட வேண்டும், இரண்டு மூன்று வாரம். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன. சாறு நிறமற்றது, ஒரு மணியைப் பிதுக்கினால் நீங்களே பார்க்கலாம். பிறகு பிழிந்து, ஓக் பீப்பாயில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, சிலரிடம் இன்னும் அதிகம்.

விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கோத்-ரோத்தியில் ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர் என்பது விதித்த அளவு. அதாவது 4,000 லிட்டர், 750 மில்லி பாட்டிலாக 5,300 சொச்சம். நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,150 பாட்டில். அதற்கு ஆண்டு முழுதும் கைவேலை, அவ்வப்போது சுவர் வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தச் சரிவுகளைப் பலர் கைவிட்டுத் தொழிற்சாலை வேலைக்கும் பழத்தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். கோத்-ரோத்தியே 1970களின் தொடக்கத்தில் சுமார் 70 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. இன்று 300 ஹெக்டேருக்கு மேல். இடிந்த சுவர்களை ஒவ்வொன்றாக எழுப்பி மீட்ட நிலம் அது. 20 யூரோ கொடுக்கும்போது எனக்கு அந்தச் சுவர்கள்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாம் படி: லேபிளில் எதைப் படிப்பது

முதலில் ஊர்ப்பெயர், அதாவது மேலே சொன்ன ஐந்தில் ஒன்று. சிரா என்ற சொல் லேபிளில் பெரும்பாலும் இருக்காது. ஊரைச் சொன்னாலே திராட்சையைச் சொன்னதாக அர்த்தம்.

அடுத்து, ‘மீ ஆன் பூத்தேய் ஓ தொமேன்’ அல்லது ‘ஆ லா ப்ரொப்ரியேத்தே’ என்ற வரியைத் தேடுங்கள். விளைந்த பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். வியாபாரிகள் பலரிடம் வாங்கிக் கலந்து விற்பதிலும் நல்ல ஒயின் உண்டு. ஆனால் ஒரு சரிவைத் தெரிந்துகொள்ளத்தானே புறப்பட்டிருக்கிறோம்? அதற்கு ஒரே கையில் விளைந்து ஒரே கையில் அடைத்ததுதான் உதவும். கார்க்கின் மேல் மூடியில் அரசு முத்திரை இருந்தால், அதில் ‘ஆர்’ என்ற எழுத்து விளைவித்தவரையும் ‘என்’ என்ற எழுத்து வியாபாரியையும் குறிக்கும்.

‘வியேய் வீஞ்’, அதாவது முதிய கொடிகள் என்று போட்டிருப்பதை அதிகம் நம்ப வேண்டாம். எத்தனை வயதானால் முதிய கொடி என்று சட்டம் சொல்லவில்லை. தேன்-லெர்மித்தாஜ் ஊரின் ஷப்பூத்தியே நிறுவனத்துப் பாட்டில் கையில் கிடைத்தால் லேபிளைத் தடவிப் பாருங்கள். 1996 முதல் அதில் பிரெய்ல் எழுத்தும் இருக்கிறது.

பிறகு ஆண்டு. குளிர்ந்த ஆண்டில் மிளகு தூக்கலாக வரும், ரொட்டண்டோன் குளிர்ச்சியில்தான் அதிகம் சேரும். வெயில் கொளுத்திய ஆண்டில் பழமும் ஆல்கஹாலும் தூக்கும். 2021 ஏப்ரலில் பனி கருக்கி விளைச்சலைக் குறைத்தது, கோடையும் மிதமாகவே போனது. 2022 வறட்சியும் வெக்கையும். ஒரே தோட்டத்தின் இந்த இரண்டு ஆண்டும் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள், பாடமாக இருக்கும்.

நான்காம் படி: தோட்டக்காரரைப் பார்க்கப் போவது

சிறிய தோட்டக்காரர்களுக்குத் தனியாகக் கடை கிடையாது. கணவன் மனைவி இருவருமே எல்லா வேலையும் பார்ப்பார்கள். முன்கூட்டியே போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். செப்டம்பரில் போகாதீர்கள், அறுவடை நாளில் நெல் அடிக்கும் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன மாதிரி ஆகிவிடும். உள்ளே நுழையும்போது “போன்ஜூர்” சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும், மற்ற பிரெஞ்சு தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களை ‘வூ’ போட்டே பேசுங்கள். அது நம் ‘நீங்கள்’. சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம், மல்லிகைப்பூவும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயின் மணக்காது.

ருசி பார்த்த ஒயினைத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. அதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். ஐந்தாறு வகை ருசி பார்க்கப் போகிறவர் துப்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான்காவது கிளாஸிலிருந்து எதுவும் தெரியாது. வண்டி ஓட்டுபவர் கட்டாயம் துப்ப வேண்டும். பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு 0.2. ரயிலில் போவது உத்தமம்.

கிளம்பும்போது ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குங்கள். உங்களுக்காக ஒரு மணி நேர வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். ஒவ்வொரு வீடாகப் போகக் கூச்சமாக இருந்தால் டிசம்பர் தொடக்கத்தில் கோர்னாஸிலும் ஜனவரியில் ஆம்ப்புயியிலும் ஒயின் சந்தை கூடும், தோட்டக்காரர்கள் மேசை போட்டு வரிசையாக நிற்பார்கள்.

ஊருக்குக் கொண்டுபோவதென்றால்: இந்தியாவுக்கு வரும் பெரியவர் ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் போட வேண்டும். ஒரு வேட்டியை நான்காக மடித்துச் சுற்றி நடுவில் வையுங்கள், இதுவரை எனக்கு ஒன்றும் உடைந்ததில்லை.

ஐந்தாம் படி: வைத்திருப்பது

ஒயினுக்குப் பகை சூடு. 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம், கார்க் காயாமல் இருக்கப் படுக்கை வசம். இவ்வளவுதான் விதி.

இதை மீறி நான் ஒரு நல்ல கோர்னாஸை இழந்தேன். வாங்கிவந்து சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேல்தட்டில், அழகாக நிற்க வைத்தேன். அந்த ஆகஸ்டில் லியோனில் வெயில் 38 டிகிரி தொட்டது. அக்டோபரில் எடுத்தபோது கார்க் லேசாக மேலே எழும்பி, மூடிக்கு அடியில் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. கிளாஸில் ஊற்றினால் பழங்கால ஜாம் வாசனை. மிளகும் இல்லை, பூவும் இல்லை. யாரோ ஒருவர் ஓராண்டு சரிவில் குனிந்து விளைவித்ததை நான் இரண்டு மாதத்தில் வேகவைத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

சென்னை, மதுரை, யாழ்ப்பாணத்து வெக்கையில் அறையில் வைப்பதைவிட ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைப்பது எவ்வளவோ மேல். அப்படி வைத்தால் சில மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். பாதாளக் கிடங்கு வசதி இருப்பவர்கள் சேன்-ஜோசப்பை அறுவடையிலிருந்து மூன்று முதல் ஆறு ஆண்டு வரையும், கோர்னாஸை எட்டு, பத்து ஆண்டும் தாராளமாகக் காத்திருக்கலாம்.

ஆறாம் படி: திறக்கும் நாள்

‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்’ என்று சொல்பவர்களின் அறை குளிர்தேசத்துப் பழைய கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டில் 30 இருக்கும். ஆகவே வெளியே இருந்த பாட்டிலை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜிலேயே இருந்ததென்றால் அரை மணி வெளியே எடுத்து வையுங்கள்.

மூடியின் தகட்டைக் கழுத்து விளிம்புக்குக் கீழே கத்தியால் வெட்டி எடுங்கள். திருகாணியைக் கார்க்கின் நடுவில் நேராக இறக்கி, கடைசிச் சுற்றுக்கு முன் நிறுத்தி, மெதுவாக இழுங்கள். கிளாஸ் வாய் குறுகி வயிறு அகன்றதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மிச்ச இடம் மணத்துக்கு.

முதல் முகர்வில் தீக்குச்சி, அவித்த முட்டை போன்ற வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். சிரா காற்றுப் படாமல் அடைந்து கிடந்தால் இப்படித்தான் இருக்கும். அகலமான ஜாடியில் ஊற்றி நன்றாகச் சுழற்றுங்கள், அரை மணியில் போய்விடும். ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி, மக்கிய சாக்கு வாசனை வந்து, சுழற்றச் சுழற்ற அதிகமானால் அது கார்க்கில் வந்த கோளாறு, சரியாகாது. எனக்கு ஒருமுறை அப்படி வந்தபோது மீதி ஒயினோடு பாட்டிலைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனேன், வேறு கொடுத்தார்கள். நீங்களும் கேளுங்கள், தவறில்லை. அடியில் படியும் கசடும் சிறு படிகங்களும் கெடுதல் இல்லை.

இப்போது வாயில் கொஞ்சம் எடுத்து எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் பிடித்து இழுக்கிற உணர்வு வருகிறதா? அதற்கு மேலைநாட்டார் பட்டு, மணல் என்று எதையெதையோ உவமை சொல்வார்கள். நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே அது இருக்கிறது: துவர்ப்பு. வாழைப்பூ, பாக்கு, மாதுளைத் தோல், நாவல்பழம் என்று அதில் எத்தனை வகை உண்டென்று உங்கள் நாக்குக்குத் தெரியும். இளம் கோர்னாஸில் பாக்கின் துவர்ப்பு, நல்ல சேன்-ஜோசப்பில் பழுத்த நாவலின் துவர்ப்பு. இப்படியே எழுதி வையுங்கள், ஆங்கிலப் பட்டியலிலிருந்து சொல் தேடாதீர்கள். மணத்திலும் அப்படியே. மிளகு, நாவல், புகை, பதப்படுத்திய கறுப்பு ஆலிவ், சில சமயம் இரும்புத் துரு. கோத்-ரோத்தியில் வியோஞியே சேர்ந்திருந்தால் பூவும் ஆப்ரிகாட் பழமும் மேலே மிதக்கும்.

சாப்பாட்டோடு

சிவப்பு மிளகாய் தூக்கலான குழம்போடு இதை வைக்காதீர்கள். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பும் கரகரக்கும், இரண்டும் கெடும். புளிக்குழம்பும் ஒத்துவராது. பழத்தையே அமுக்கிவிடும். எனக்குப் பிடித்தது, மிளகாயே போடாமல் மிளகும் சீரகமும் மட்டும் வறுத்து அரைத்து, நெய்யில் சுருள வதக்கிய ஆட்டுக்கறி. கொழுப்பும் உப்பும் துவர்ப்பைத் தணிக்கும், மிளகு மிளகோடு சேரும். காய்கறி உண்பவர்களுக்கு நெய் மிளகுப் பொங்கலோடு வறுத்த காளான். அந்தச் சரிவுக்காரர்கள் பிகோதோன் என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் சீஸோடும், இலையுதிர் காலத்தில் ஆர்தேஷ் மலைக் கஷ்கொட்டையோடும் குடிக்கிறார்கள்.

அளவு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதய நலத்துக்கு நல்லது என்று எண்ணிச் சிவப்பு ஒயினைத் தொடங்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகளும், மருந்து எடுப்பவர்களும், குடியை நிறுத்தியவர்களும் தொட வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு பாட்டிலை நான்கு பேர் பகிர்வதே அழகு.

அந்த நான்கு பேரும் இதைச் செய்து பாருங்கள். திறந்ததும் ஒரு வாய், அரை மணி கழித்து ஒரு வாய், சாப்பாட்டோடு ஒரு வாய். ஒவ்வொரு முறையும் இரண்டு சொல் எழுதுங்கள். பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்து, கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை மறுபடி ஊற்றிப் பாருங்கள். நல்ல சரிவின் சிரா மறுநாள் பெரும்பாலும் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். அடுத்த மாதம் அதே ஆண்டின் கோர்னாஸ் ஒன்றை வாங்கி, சேன்-ஜோசப் பக்கத்தில் வைத்து, மிளகை மறுபடி உரலில் தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.